திறந்து விடப்பட்ட கோடு: ஜூனி மக்களின் கலங்களும் கோலங்களும்

மண்ணால் வனைந்த கலம் எளிதில் உடைவது. ஆயினும் பண்டைய மக்களின் வாழ்வைப் பற்றி இன்று அறியப்பட்டுள்ளவற்றுள் பெரும்பகுதி உடைந்த கலங்களின் ஓடுகள் வாயிலாகவே கிடைத்துள்ளது. எழுத்தும் ஏடும் இல்லாத மக்களிடையே கலமே ஏடாக விளங்கியது. அதன்மேல் வரைந்த கோலமே எழுத்தாக நின்றது. தம் மொழியையும் வேண்டுதற் பாடல்களையும் பல நூற்றாண்டுகள் வாய்மொழியாகவே காத்துவந்த வட அமெரிக்கப் பூர்வகுடிகளுள் ஜூனி மக்கள் தனியிடம் பெற்றவர்கள். அவர்தம் பெண்டிர் வனைந்த கலங்களின் வரலாறு, மரபு என்பது எங்கே உயிர்வாழ்கிறது என்னும் வினாவை எழுப்புவது. சொல்லைக் கருவியாகக் கொண்டோரும் அவ்வினாவை எதிர்கொள்ள வேண்டியவர்களே.

நிலமும் மக்களும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் நியூ மெக்சிகோ மாநிலத்தின் மேற்கு எல்லையை ஒட்டி, கேலப் நகருக்குத் தெற்கே, கடல் மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேற்பட்ட உயரத்தில் ஜூனி ஊர் அமைந்துள்ளது. சுற்றிலும் செந்நிற மணற்பாறைக் குன்றுகள். நடுவே பெரும்பாலும் வறண்டு கிடக்கும் சிற்றாறு. மழை குறைந்த இந்நிலத்தில் மக்காச்சோளம் விளைவித்து வாழ்ந்த இம்மக்கள் தம்மை ‘ஆஷிவி’ என்று அழைத்துக்கொள்வர். இவர்கள் பேசும் மொழி அண்டையிலுள்ள எந்த மொழியோடும் உறவு நிறுவப்படாத தனிமொழி. தாம் வாழும் ஊரை உலகின் ‘நடுவிடம்’ என்று இவர்கள் போற்றுகின்றனர். முன்னோர் நெடுங்காலம் அலைந்து தேடிக் கண்ட இடம் அது என்பது அவர்தம் தோற்றக் கதை.

மழையே இம்மக்களின் வழிபாட்டுக்கு மையம். முகில், மின்னல், தவளை, தும்பி, இறகு என அவர்கள் போற்றும் பொருள்கள் யாவும் ஏதோ ஒரு வகையில் மழையைச் சுட்டி நிற்பவை. நீரைச் சுமக்கும் குடத்தின்மேல் நீரை வேண்டும் கோலம் எழுதப்பட்டதில் வியப்பில்லை.

பொன் தேடி வந்தவர் கண்ட மண்

1539ஆம் ஆண்டில் ஸ்பானியரின் முன்னோடியாக வந்த எஸ்டெவான் என்னும் ஆப்பிரிக்க அடிமை, ஜூனி ஊர்களுள் ஒன்றான ஹாவிக்குவில் உயிரிழந்தார். அவருடன் வந்த குழுவின் தலைவரான மார்க்கோஸ் தெ நீசா என்னும் பாதிரியார் திரும்பிச் சென்று, வடக்கே செல்வம் மிக்க ஏழு நகரங்கள் உள்ளன என்று பரப்பினார். அச்செய்தியை நம்பிப் படையுடன் வந்த கொரொனாதோ, 1540ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஹாவிக்குவைத் தாக்கிக் கைப்பற்றினார். அங்கே பொன் இல்லை. கல்லாலும் மண்ணாலும் ஆன அடுக்கு வீடுகளும், சேமித்த மக்காச்சோளமும், மண் கலங்களுமே இருந்தன.

ஸ்பானியர் வருகைக்கு முன்பே ஜூனி நிலத்தில் கலத்தொழில் பல நூற்றாண்டு வளர்ச்சி கண்டிருந்தது. ஈயம் கலந்த வண்ணத்தால் பளபளக்கும் கோடுகள் வரையும் முறை ஒரு காலத்தில் ஓங்கி, பின்னர் மங்கி, பதினேழாம் நூற்றாண்டில் மீண்டும் தலைதூக்கியது. இடைக்காலத்தில் வனையப்பட்ட இளமஞ்சள் நிறக் கலங்களில் பறவைகளும் இறகுகளும் விடுதலையாகப் பறப்பன போல் வரையப்பட்டன. 1680ஆம் ஆண்டில் புவெப்லோ மக்கள் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தபோது ஜூனி மக்களும் அதில் பங்குகொண்டனர். பின்னர்த் ‘தோவா யாலன்னே’ எனப்படும் சோளமலையின் உச்சியில் அடைக்கலம் புகுந்து சில ஆண்டுகள் வாழ்ந்தனர். மலையினின்று இறங்கியபோது பழைய ஊர்கள் பலவற்றுக்கும் அவர்கள் திரும்பவில்லை. ஹாலோனா என்னும் ஒரே ஊரில் கூடி அமர்ந்தனர். அதுவே இன்றைய ஜூனி.

அக்கிளர்ச்சிக்குப் பின் ஈயப் பளபளப்பு மறைந்தது. வெண்பூச்சின் மேல் கருமையும் செம்மையுமான மங்கல் வண்ணத்தால் வரையும் முறை வந்தது. அம்முறையே படிப்படியாக வளர்ந்து, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இன்று ‘ஜூனி பல்வண்ணக் கலம்’ எனப் பெயர்பெற்ற வடிவை அடைந்தது. ஆட்சி மாறியது, ஊர்கள் அழிந்தன, வண்ணம் மாறியது. ஆனால் வனையும் கை ஒருபோதும் ஓயவில்லை.

வனையும் முறை

ஜூனி மரபில் கலம் வனைதல் பெண்டிர் தொழில். குயவர் சக்கரம் அவர்கள் அறியாதது. களிமண்ணைக் கயிறுபோல் உருட்டித் திரித்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி எழுப்பி, சுரைக்குடுக்கைத் துண்டால் சுரண்டிச் சுவரை மெல்லியதாக்குவர். தண்ணீர்க் குடத்தின் அடிப்பகுதி உட்குழிந்திருக்கும். தலையில் நிலையாக அமர்வதற்கென்றே அவ்வாறு அமைத்தனர். அந்நாளில் ஊற்றில் நீர் முகந்த பெண், குடத்தைத் தலையில் தாங்கியபடி ஏணி வழியே மாடி வீட்டுக்கு ஏறுவது அன்றாடக் காட்சி.

மண்ணெடுப்பதே ஒரு நோன்பு. மண் கிடைக்கும் இடம் சோளமலை. அங்கே மண்ணெடுக்கச் சென்ற வேவா என்பாருடன் உடன்போன மட்டில்டா ஸ்டீவன்சன் என்னும் மானிடவியலார் அந்நிகழ்ச்சியைத் தம் நூலில் பதிவு செய்துள்ளார். வேவா ஆணாகப் பிறந்து பெண்டிர்க்குரிய உடையும் தொழிலும் மேற்கொண்டவர். அத்தகையோர்க்கு ஜூனி சமூகத்தில் ‘லாமனா’ என்னும் மதிப்புக்குரிய இடம் இருந்தது. தேர்ந்த நெசவாளரும் கலம் வனைபவருமான அவர், 1886ஆம் ஆண்டில் தலைநகர் வாஷிங்டனுக்குச் சென்று குடியரசுத் தலைவர் கிளீவ்லந்தையும் சந்தித்தவர். மலையடிவாரத்தில் அவர் தம் போர்வையில் சிறு துண்டைக் கிழித்துத் தாய்ப்பாறைக்குக் காணிக்கையாக வைத்தார். மண் படுகையை நெருங்கியதும் உடன்வந்த ஆடவரை அப்பால் நிறுத்தினார். பெண்டிரையும் பேசாதிருக்கப் பணித்தார். பேசினால் சூளையில் கலம் வெடிக்கும். இடைவிடாது வேண்டாவிடில் மண் தன்னைக் காட்டாது என்பது அவர் சொன்ன காரணம்.

தோண்டிய களிமண்ணோடு வேறொரு பொருளும் சேரும். வெறும் களிமண் உலரும்போது சுருங்கி விரிசல் காணும். அதைத் தடுக்க, உடைந்த பழைய கலங்களின் ஓடுகளை அம்மியிலிட்டு நுண்ணிய பொடியாக்கிக் கலப்பர். பாட்டி வனைந்த குடம் உடைந்தால் அதன் ஓடு பேத்தி வனையும் குடத்தின் உடலாகும்; பாழடைந்த பழைய ஊர்களின் மேட்டில் பொறுக்கிய ஓடுகளும் இவ்வாறே புதிய கலத்துக்குள் புகுந்தன. ஆகவே ஒவ்வொரு ஜூனிக் கலத்திலும் அதற்கு முந்தைய கலங்கள் அடங்கியுள்ளன. இது கற்பனைப் புனைவன்று. தொழில் நுட்பமே அவ்வாறு அமைந்துள்ளது.

உலர்ந்த கலத்தின்மேல் வெண்களிமண் குழம்பு பூசிக் கூழாங்கல்லால் மெருகிடுவர். பின்னர்க் கருநிறக் கனிமப் பொடியைச் செடியொன்றைக் காய்ச்சி வடித்த குழம்பில் குழைத்தும், செங்காவியைக் கரைத்தும் கோலம் எழுதுவர். தூரிகை, யூக்கா என்னும் கற்றாழை போன்ற செடியின் இலைத் துண்டு; அதன் நுனியை மென்று நாராக்கிக்கொள்வர். சுடுவதற்குத் தனிச்சூளை இல்லை. திறந்தவெளியில் கலங்களைச் சுற்றி ஆட்டுக்கிடையில் இறுகிய எருவை வறட்டியாக அடுக்கித் தீமூட்டுவர். ஆடு ஸ்பானியர் கொணர்ந்த விலங்கு. வெளியார் கொணர்ந்ததையும் மரபு தன்வயமாக்கிக்கொண்டதற்கு இதுவும் ஒரு சான்று.

கோலங்களின் உலகம்

ஜூனிக் குடத்தின் புறப்பரப்பு கழுத்து, உடல் என்னும் இரு பகுதிகளாகப் பிரிக்கப்படும். இரண்டுக்கும் நடுவே சுற்றுக்கோடு ஓடும். கழுத்துக்குரிய கோலமும் உடலுக்குரிய கோலமும் வெவ்வேறாக இருத்தல் வேண்டும் என்பது வழக்கு.

உடற்பகுதியில் வரும் கோலங்களுள் புகழ்பெற்றது ‘வீட்டில் நிற்கும் மான்’. சுருள்கள் வளைந்து அமைத்த விதானத்தின் கீழ் மான் நிற்கும். அதன் வாயிலிருந்து நெஞ்சு வரை செந்நிறக் கோடு ஒன்று ஓடி, அம்புமுனை போல் முடியும். இது மூச்சின் வழி. வெளியே நிற்கும் விலங்கை வரைந்தவள் அதன் உள்ளே ஓடும் உயிரையும் வரைந்துவிடுகிறாள். மான்களுக்கு இடையே சூரியகாந்தி மலரை ஒத்த பெரிய வட்டங்களும், வரிசையாக அமர்ந்த சிறு பறவைகளும் இடம்பெறும்.

மற்றொன்று ‘மழைப்பறவை’ என்று அறிஞர் பெயரிட்ட கோலம். சுருண்ட அலகு போன்ற வளைவும், படிக்கட்டுப் போன்ற விளிம்பும், நெருக்கமாக இழைத்த சாய்கோடுகளும் சேர்ந்தது இது. எச்.பி. மேரா என்பார் 1937ஆம் ஆண்டில் இக்கோலம் ஒன்றுக்கே தனி நூல் எழுதி, அது கலந்தோறும் எவ்வாறு மாறியும் மாறாமலும் வருகிறது என்று காட்டினார். பறவை முழுதாகத் தெரியும் கலமும் உண்டு. சுருளும் கோடும் மட்டும் எஞ்சிப் பறவை கரைந்துபோன கலமும் உண்டு.

சடங்குகளில் மக்காச்சோள மாவு வைக்கும் கிண்ணங்கள் வேறொரு வகை. இவற்றின் விளிம்பு படிப்படியாக உயர்ந்து தாழும். அப்படிகள் முகிலையும் தொடுவானத்தையும் குறிப்பன என்பர். கிண்ணத்தின் சுவரில் தலைப்பிரட்டை, தும்பி, தவளை ஆகியவை வரையப்படும். கோடையின் தொடக்கத்தில் தேங்கிய குட்டையில் தலைப்பிரட்டை நெளியும். கோடை முற்றும்போது நீரின் மேல் தும்பி பறக்கும். பின்னர்த் தவளை வளர்ந்து நிற்கும். ஒரு கிண்ணத்தைச் சுற்றி வந்தால் மழைக்காலம் முழுவதையும் கடந்து வந்ததாகிவிடும்.

திறந்த கோடு

கழுத்துக்கும் உடலுக்கும் இடையே ஓடும் சுற்றுக்கோடு முழுவட்டமாக மூடப்படுவதில்லை. ஓரிடத்தில் சிறு இடைவெளி விடப்படும். 1879ஆம் ஆண்டில் ஜூனி சென்று ஏறத்தாழ ஐந்தாண்டுகள் அங்கேயே வாழ்ந்த ஃபிராங்க் ஹாமில்டன் குஷிங், இவ்விடைவெளியைப் பற்றிப் பெண்டிரிடம் கேட்டறிந்து 1886ஆம் ஆண்டில் வெளிவந்த தம் ஆய்வில் எழுதினார். வனைந்து முடித்த கலம் உயிருள்ள ஒன்று. தட்டினால் எழும் ஒலி அதன் குரல். சூளையில் வெடிக்கும்போது கேட்கும் ஓசை, அதனுள் உறைந்த உயிர் வெளியேறும்போது எழுப்பும் அலறல். விரிசல் கண்ட கலம் முன்போல் ஒலிக்காததே அதற்குச் சான்று. அவ்வுயிர் வந்துபோக வழி வேண்டும். ஆகவே கோட்டை மூடலாகாது.

பின்வந்த ஆய்வாளர்கள், அக்கோட்டை வரைபவளின் வாழ்நாளோடு இணைக்கும் விளக்கத்தையும் பதிவு செய்தனர். ஜூனி வேண்டுதல்களில் வாழ்க்கை ஒரு வழி. அவ்வழி நிறைவடைய வேண்டும் என்பதே வாழ்த்து. வழி நடுவில் அடைபடலாகாது என்னும் அச்சமே கலத்தின் கோட்டிலும் வெளிப்படுகிறது. மானின் வாயிலிருந்து நெஞ்சுக்கு ஓடும் கோடும், குடத்தைச் சுற்றித் திறந்து நிற்கும் கோடும் ஒரே கருத்தின் இரு வடிவங்கள் எனலாம்: மூச்சுக்கு வழி விடு என்பதே அது.

ரூத் பன்செல் கண்ட முரண்

1924ஆம் ஆண்டில் ரூத் பன்செல் என்னும் இளம்பெண் ஜூனிக்கு வந்தார். கொலம்பியப் பல்கலைக்கழகத்தில் மானிடவியல் பேராசிரியர் ஃபிரான்ஸ் போவாஸின் செயலராகப் பணியாற்றியவர் அவர். கலங்களை அளந்து வகைப்படுத்துவதோடு நில்லாமல், வனையும் பெண்டிரிடமே மாணவியாக அமர்ந்து தொழில் கற்றார். 1929ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய ‘புவெப்லோ குயவர்’ என்னும் நூலின் சிறப்பு, கலைஞரின் மனம் எவ்வாறு இயங்குகிறது என்று கலைஞரையே கேட்டதில் உள்ளது.

அவர் கண்டது ஒரு முரண். வனையும் பெண்டிர், தாம் எவருடைய கோலத்தையும் பார்த்து வரைவதில்லை, ஒவ்வொரு கலத்திலும் புதிதாகவே எழுதுகிறோம் என்றனர். தூரிகையைத் தொடுமுன் முழுக் கோலமும் மனத்தில் அமைந்துவிட வேண்டும் என்றனர். கோலங்கள் கனவில் தோன்றுவதாகவும் சிலர் கூறினர். ஆனால் அயலார் கண்ணுக்கு ஜூனிக் கலங்கள் ஒன்றையொன்று பெரிதும் ஒத்தே தோன்றின. வழங்கிய கோலக் கூறுகளோ சிலவே. அப்பெண்டிர் கூறியது பொய்யன்று. சுருள் எத்துணை இறுக வேண்டும், மானுக்கும் மலர் வட்டத்துக்கும் இடையே எவ்வளவு வெண்மை விடவேண்டும், இந்தக் குடத்தின் வளைவுக்கு எந்தக் கழுத்துக் கோலம் பொருந்தும் என்னும் முடிவுகளில் அவர்தம் புதுமை நின்றது. வரையறுத்த சீருக்குள் ஓசையை அமைப்போர் உணரக்கூடிய விடுதலை அது.

பன்செல் ஜூனியின் வேண்டுதற் பாடல்களையும் திரட்டி, மூலமும் மொழிபெயர்ப்புமாக 1932ஆம் ஆண்டில் வெளியிட்டார். அங்கே நிலைமை நேர்மாறானது. வேண்டுதல் வாசகம் சொல் பிசகாமல் ஓதப்பட வேண்டும்; பயன் அதன் பிழையின்மையையே பொறுத்தது. ஆக, ஒரே ஊரில் மழையை வேண்ட இரு மரபுகள் வாழ்ந்தன: ஒன்று மாறாத சொல், மற்றொன்று மாறிக்கொண்டே இருக்கும் கோடு. இரண்டும் உறவற்றவை அல்ல. ஜூனியில் இறகு கட்டிய வேண்டுதற் கோல்களை ஆக்குவது ஆடவர் கடமை. பெண்டிர் அவற்றைச் செய்வதில்லை. அதனாலேயே குடங்களின் மேல் இறகை எழுதுகிறோம் என்று ஒருத்தி பன்செலிடம் கூறினாள். ஜூனிக் கலையைப் பற்றிய நீண்ட ஆய்வுரைகள் பலவற்றினும் இச்சிறு விடை தெளிவானது. ஒப்பனை என்று அயலார் கண்டது, வனைந்தவளுக்கு வழிபாடாக இருந்தது.

ஊரைவிட்டுச் சென்ற கலங்கள்

1879ஆம் ஆண்டில் குஷிங்குடன் ஜூனிக்கு வந்த ஸ்மித்சோனியன் குழுவுக்கு ஜேம்ஸ் ஸ்டீவன்சன் தலைவர். பூர்வகுடிப் பண்பாடுகள் விரைவில் அழிந்துவிடும், அதற்குமுன் அவர்தம் பொருள்களைத் திரட்டிவிட வேண்டும் என்பது அக்கால அறிஞர் கொள்கை. பண்டமாற்றாகப் பெற்ற கலங்கள் வண்டி வண்டியாக ஊரைவிட்டுச் சென்றன. அடுத்த சில ஆண்டுகளிலும் திரட்டல் தொடர்ந்தது. ஆயிரக்கணக்கான ஜூனிக் கலங்கள் வாஷிங்டனை அடைந்தன. பின்னர் 1917 முதல் 1923 வரை ஃபிரெடரிக் வெப் ஹாட்ஜ் ஹாவிக்குவை அகழ்ந்தார். இறந்தோருடன் புதைக்கப்பட்ட கலங்களும் எடுக்கப்பட்டு நியூயார்க் அருங்காட்சியகம் ஒன்றுக்குச் சென்றன.

இதே காலத்தில் ஊருக்குள் வேறு மாற்றங்களும் நிகழ்ந்தன. 1880களின் தொடக்கத்தில் கேலப் பகுதிக்கு இருப்புப்பாதை வந்தது. தகர வாளியும் கடைப் பாத்திரங்களும் உடன்வந்தன. வெள்ளியில் நீலப்பச்சைக் கல் பதிக்கும் தொழில் நல்ல வருவாய் தந்தது. திசாயுதித்சா போன்ற ஆற்றல்மிக்கோர் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும் பெருந்தாழிகள் வனைந்து புகழ்பெற்றனர் எனினும், அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் கலம் வனைவோர் மிகச் சிலராயினர்.

திரட்டியவர்கள் கலங்களைக் காத்தனர் என்பது உண்மை. அவர்கள் செய்திராவிடில் அவற்றுள் பல இன்று இருந்திரா. ஆனால் உடைந்த கலம் பொடியாகிப் புதிய கலத்தில் சேர்வது ஜூனி முறை. கண்ணாடிப் பேழைக்குள் வைத்த குடம் உடைவதில்லை. மற்றொரு குடமாகப் பிறப்பதும் இல்லை. தாயின் குடத்தை நாள்தோறும் கண்டு வளர்ந்த மகளுக்குக் கோலம் தானே மனத்தில் பதியும். வீட்டில் குடம் இல்லாதபோது கனவில் தோன்றுவதற்குக் கோலம் ஏது? காப்பதற்கென்று செய்த செயலே, காக்க விரும்பிய மரபின் ஊற்றை ஓரளவு அடைத்தது.

மீண்டும் வனைந்த கைகள்

ஆயினும் கோடு மூடப்படவில்லை. 1970களில் ஜூனி உயர்நிலைப் பள்ளியில் கலம் வனையும் வகுப்பு புத்துயிர் பெற்றது. அங்குக் கற்பித்தவர்களுள் டெய்சி ஹூயி ஹோப்பி நாட்டின் புகழ்பெற்ற கலைஞர் நம்பேயோவின் பேத்தி. அவருக்குப் பின் ஆசிரியரான ஜென்னி லாட்டே அக்கோமா ஊரில் பிறந்து ஜூனியில் வாழ்க்கைப்பட்டவர். அயலூர்ப் பெண்கள் இருவர் ஜூனிக் கோலங்களை ஜூனிச் சிறாருக்குக் கற்பித்தனர் என்பது சிந்திக்கத்தக்கது. அவ்வகுப்பில் பயின்ற ஆண்டர்சன் பெய்னெட்சா, பிரிசில்லா பெய்னெட்சா முதலியோர் பின்னர்ப் பெயர்பெற்ற கலைஞராயினர்.

மற்றொரு வழியை ஜோசபின் நஹோஹாயும் அவர் மக்களும் காட்டினர். 1980களில் அவர்கள் வாஷிங்டன் சென்று, ஒரு நூற்றாண்டுக்கு முன் ஊரைவிட்டுப் போன கலங்களைப் பார்த்துப் பயின்றனர். பேழைக்குள் உறங்கிய மான் மீண்டும் ஈரமண் மேல் எழுந்து நின்றது. 1990களின் தொடக்கத்தில் ஜூனியிலேயே ‘ஆஷிவி ஆவான்’ என்னும் மக்கள் அருங்காட்சியகம் உருவாயிற்று. தம் பொருள்களுக்குத் தாமே பொருள் சொல்லும் உரிமையை நிலைநாட்டுவது அதன் பணிகளுள் ஒன்று.

மீண்டது முழுவதும் பழையது அன்று. ஆடவரும் இன்று வனைகின்றனர். மின்சூளையில் சுடுவோரும் உளர். எருத்தீயையே பேணுவோரும் உளர். குடங்கள் நீர் சுமப்பதில்லை. விற்பனைக்கும் விழாவுக்கும் உரியவை ஆயின. பழைய கோலங்கள் சிலவற்றின் பெயரும் பொருளும் திரும்பவில்லை. வடிவம் மட்டுமே திரும்பியது. இழப்பை மறைப்பது வரலாறு ஆகாது. எனினும், பொருள் தேய்ந்த வடிவத்தையும் ஒரு கை மனமுவந்து மீண்டும் வரையும்போது அதற்குப் புதுப்பொருள் ஊறத் தொடங்குகிறது. ஈயப் பளபளப்பை இழந்த பின்னும் வெண்பூச்சின் மேல் புதிதாகத் தொடங்கிய மக்களுக்கு இது முதல் அனுபவமும் அன்று.

மரபைப் பேழையில் வைத்துப் போற்றுவோரும், மரபு சுமையென்று எறிவோரும் எல்லா மொழியிலும் உளர். ஜூனிப் பெண்டிர் இவ்விரண்டையும் செய்யவில்லை. முன்னோர் கலத்தின் ஓட்டை இடித்துத் தம் மண்ணில் கலந்தனர். முன்னோர் கோலத்தைத் தம் மனத்தில் கண்டு தம் கையால் எழுதினர். எழுதி முடிக்கும் இடத்தில் கோட்டை மூடாமல் விட்டனர். அவ்விடைவெளி விரலளவே ஆயினும், அடுத்து வருபவள் நுழைய அது போதுமானதாக இருந்திருக்கிறது.